நல்ல தண்ணீரில் வளரும் மலேரியா

மலேரியா என்றால் இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று'. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது 'பலூதிஸ்ம்'. வேர்ச்சொல்லின் பொருள் சதுப்பு நிலம். இரண்டு பெயருமே நம் ஊரப்பாக்கத்துக்குப் பொருந்தாது. நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி கொசு முட்டையிடுவது கிணறு, மாடித் தொட்டி போன்ற நல்ல தண்ணீரில்.

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். டிடிடி அடித்துவிட்டுச் சுவரில் தேதி எழுதிப் போவார்கள். காய்ச்சல் என்றால் விரலில் குத்தி ரத்தம் எடுத்து, குளோரோகுயின் மாத்திரை கொடுப்பார்கள்.

சுதந்திரம் வந்த காலத்தில் நாட்டில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவு என்று மதிப்பிட்டார்கள். 1953-ல் கட்டுப்பாட்டுத் திட்டம், 1958-ல் ஒழிப்புத் திட்டம். 1961-ல் நோயாளிகள் சுமார் 50,000 பேர்தான். ஒழிந்தது என்று நிம்மதியானோம். 1976-ல் 64 லட்சத்தைத் தாண்டியது! மருந்து நேரத்துக்கு வரவில்லை, கொசுவுக்கு மருந்து பழகிவிட்டது, கண்காணிப்பு தளர்ந்தது.

அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் சொல்கிறேன். நோய் குறைந்தால் ஒதுக்கீட்டையும் குறைப்பது ஃபைலில் நியாயமாகத்தான் தெரியும். கொசு ஃபைல் படிப்பதில்லை.

இன்று தமிழ்நாட்டில் மலேரியா மிகவும் குறைந்துவிட்டது. அதனால்தான் பயப்படுகிறேன். முன்பு பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஆப்பிரிக்க நாடான ஜிபூத்தியைப் பாருங்கள். 2012-ல் அங்கே வெறும் 27 நோயாளிகள். அந்த ஆண்டுதான் நம் நகரங்களின் இதே ஸ்டீபன்சி கொசு அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. 2020-ல் 73,000 பேருக்கு மேல்!

கொசு என்றதும் நாம் கேட்பது புகை மருந்து. அது பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தொட்டியில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது. சாக்கடையைத் தூர்வாரினால் மட்டும் மலேரியா போகாது. அரசு செய்ய வேண்டியதைக் கேட்போம். ஆனால் நம் மொட்டை மாடிக்கு எந்த அதிகாரி தினமும் ஏறி வருவார்?

தொட்டிக்கும் சம்புக்கும் இடுக்கில்லாத மூடி போடுங்கள். கிணற்றுக்குக் கொசுவலை கட்டுங்கள். வாரம் ஒரு நாள் சிறிய தொட்டிகளைத் தேய்த்துக் கழுவுங்கள். பக்கத்தில் கட்டடம் எழும்பினால், தேங்கிய நீரை வடிக்கச் சொல்லுங்கள். குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தால் கஷாயத்தோடு நிறுத்தாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மாத்திரையைப் பாதியில் விடாதீர்கள். ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமி பிறகு திரும்ப வரும்.

மூட்டுவலிக்காரர்கள் மாடி ஏற வேண்டாம், பேரனை அனுப்புங்கள்.