நீரிலே பிறந்த கால்

முதுகெலும்புடைய விலங்குகளுக்குக் கால்கள் தோன்றியது எதற்கு என்று உயிர்நூல் வகுப்பில் வினவின், மாணவருட் பலர், "நிலத்தில் நடத்தற்பொருட்டு" என்று தயங்காது விடையிறுப்பர். கேட்டற்கு இனிய விடையே. ஆயினும் உண்மைக்குப் பொருந்தாத விடை. நான்காம் வேற்றுமைக்குப் 'பொருட்டு' என்னும் பொருளுண்டென்பதை இலக்கணம் கற்ற நாம் அறிவோம். அப்பொருளை உயிர்களின் வரலாற்றில் இடமறியாது ஏற்றுதல் தகாது என்பதே ஈண்டு யாம் கூறப் புகுந்தது.

முன்னாளில் இவ்விடைக்கு இடமிருந்தது. குளங்கள் வறட்சியால் வற்றியபோது, வேறு நீர்நிலை நாடித் தரைமேல் தவழ்ந்து சென்ற மீன்களிடத்தே கால்கள் வளர்ந்தன என்று அமெரிக்கப் பேரறிஞர் ஆல்பிரட் ரோமர் கருதினார். அவர் காலத்துக் கிடைத்திருந்த சான்றுகள் மிகச் சிலவே.

நிற்க. 1987ஆம் ஆண்டில் ஜென்னி கிளாக் அம்மையாரும் அவர் குழுவினரும் கிழக்குக் கிரீன்லாந்தின் பாறைகளிலிருந்து அக்காந்தொஸ்டீகா என்னும் விலங்கின் புதைபடிவங்களைக் கொணர்ந்தனர். அது வாழ்ந்தது ஏறத்தாழ 36.5 கோடி ஆண்டுகட்கு முன்னர். அதற்குக் கால்கள் உண்டு. முன்காலொன்றில் எட்டு விரல்களும் உண்டு. ஆனால் உட்செவுள்களைத் தாங்கும் எலும்புகளும், மீனுக்குரிய துடுப்பு வாலும் உடனிருந்தன. அதன் மணிக்கட்டோ உடலின் பாரத்தைத் தரைமேல் தாங்கும் வலியுடையதன்று. எனவே, விரலும் காலும் வாய்ந்த அவ்விலங்கு நீர்வாழ் உயிரே என்பது பெறப்பட்டது. செடி கொடிகள் அடர்ந்த ஆழமற்ற நீரிலே அவற்றை விலக்கிச் செல்லவும், அடித்தரையில் ஊன்றி நிற்கவும் அக்கால்கள் உதவியிருத்தல் கூடும்.

அதற்கும் முற்பட்டது டிக்டாலிக். நீல் ஷூபின் முதலிய அறிஞர், மீனுக்கும் நாற்காலிகளுக்கும் இடைப்பட்ட உயிர் எக்காலத்துப் பாறையில் கிடைக்கக்கூடுமென முன்னரே ஆராய்ந்து, கனடா நாட்டின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவிற் பன்முறை தேடி, 2004ஆம் ஆண்டில் அதனைக் கண்டெடுத்தனர். ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டுப் பழைமையுடைய அதன் உடலிற் செதிள் உண்டு, துடுப்பும் உண்டு, அத்துடுப்பினுள்ளே மேற்கை, முன்கை, மணிக்கட்டு ஆகியவற்றிற்கு ஒப்பான எலும்புகளும் உண்டு. நம் கையின் அடிப்படை, மீனின் துடுப்பினுள்ளேயே அமைந்து கிடந்ததென்க.

ஸ்காட்லாந்திற் கிடைத்த பெடர்பெஸ் என்னும் விலங்கு ஏறத்தாழ 35 கோடி ஆண்டுகட்கு முற்பட்டது. பாதம் முன்னோக்கித் திரும்பி, நடைக்கேற்ற வடிவு பெற்றதை அதனிடத்தே காண்கின்றோம். ஆக, கால் முந்தியது, நடை பிந்தியது.

"போலந்து நாட்டில் 39 கோடி ஆண்டுப் பழைமையுடைய காற்சுவடுகள் கண்டதாக 2010ஆம் ஆண்டில் வெளிவந்ததே, அதனால் இக்கூற்று அழியாதோ?" எனின், அழியாது. அவை காற்சுவடுகள் அல்லவென மறுப்பாரும் உளர். அவை சுவடுகளேயெனக் கொள்ளினும், கால் தோன்றிய காலம் இன்னும் பின்னோக்கிச் செல்லுமேயன்றி, அது நிலத்தின்பொருட்டுத் தோன்றிற்றென்பது நிலைபெறாது.

இவ்வொரு சொல்லைப் பற்றி இத்துணை வாதம் ஏனோவெனின், கூறுதும். 'பொருட்டு' என்று சொல்லுங்கால், மீன் நிலத்தை விரும்பி முயன்றதென்றும், நீரிலே தங்கியவை முயற்சியிற் பின்தங்கியவையென்றும் நம்மையறியாமலே எண்ணிவிடுகின்றோம். உயிர்களை ஏணிப்படிகளாக அடுக்கி, மேற்படியில் நம்மை அமர்த்திக்கொள்ளும் செருக்கு இதனின்றே பிறக்கின்றது. திமிங்கிலத்தின் முன்னோரோ நிலத்தில் நாற்காலால் நடந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகட்கு முன்னர் மீண்டும் நீர்புகத் தொடங்கின. அதனை இறக்கமென்பார் யார்?

மாணவ நண்பர்காள்! ஓருறுப்பு இன்று செய்யும் தொழில் வேறு. அது தோன்றிய காரணம் வேறு. வருங்காலம் அறிந்து எவ்வுயிரும் உறுப்புப் பெற்றதில்லை. உள்ள உறுப்பு புதிய இடத்திற் புதிய பயன் தந்தது. அடுத்த தேர்வில் 'பொருட்டு' என்றெழுதப் பேனாவை எடுக்குமுன், அக்காந்தொஸ்டீகாவின் எட்டு விரல்களை ஒருகணம் நினைமின்.