சத்தத்தைக் குறைச்சா வைஃபை ஓடும்

எபிசோடில் நேரமில்லாமல் விட்டதை இங்கே சொல்லிடறேன்.

துபாய் கராமாவில் என் ஃபிளாட்டில் ஸ்கேன் போட்டால் நாற்பது வைஃபை தெரியும். ராத்திரி ஊருக்கு போட்டிம் கால் போட்டால் பாட்டி முகம் அப்படியே உறைஞ்சு நிற்கும். உடனே டிரான்ஸ்மிட் பவரை 'ஹை'யில் வைத்தேன். தப்பு.

ஆக்சஸ் பாயின்ட் எவ்வளவு கத்தினாலும், போன் தன் மெல்லிய குரலில்தான் பதில் சொல்லும். அதோடு, ஒரே சேனலில் ஒருத்தர் பேசும்போது கேட்கிற தூரத்தில் உள்ள எல்லாரும் காத்திருக்கணும். நான் கத்தினால் பக்கத்து ஃபிளாட்டில் ஆறு பேர் பகிரும் ரௌட்டரும் நிற்கும். அவங்களும் வீட்டுக்குத்தானே பேசறாங்க?

2.4 கிகாஹெர்ட்ஸில் மோதாத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், பவர் 'லோ' போதும். போன், லேப்டாப், டிவியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்க. அங்கே 80 வேண்டாம், 40 போதும்.

ஒருத்தர் மட்டும் குறைத்தால் பலன் கொஞ்சம்தான். அதனால் பக்கத்துக் கதவைத் தட்டினேன். இப்போ நான் 1, சேட்டன் 11. பாட்டி சிரிக்கிறது தெரியுது.

இந்த சனிக்கிழமை நீங்களும் தட்டுங்க.