நோவைச் சொல்ல நாணலாமா?



நாராயணவனத்தில் குடியேறிய நமக்கு, நோவு என்றவுடன் அண்டையிலுள்ள புத்தூர் எலும்புக் கட்டே நினைவுக்கு வரும். கை கால் முறிந்தோர் ரயிலிலிருந்து இறக்கப்படுவதைப் பணியிடையே நாம் பன்முறை கண்டிருக்கிறோம். பல்லைக் கடித்துப் பொறுப்பவரையே ஊர் புகழும். அப்புகழை விரும்பியவர் நம் மாமனார்.

சென்ற ஆண்டு, புராஸ்டேட் சுரப்பியில் கண்ட புற்றுநோய்க்காக, ஐதராபாத்தில் அவருக்கு ரோபோ அறுவை செய்யப்பட்டது. ரோபோ தானாக அறுப்பதன்று. மருத்துவர் அமர்ந்து இயக்க, மெல்லிய கருவிகள் வயிற்றின் சிறு துளைகள் வழியே வேலை செய்கின்றன. புதுச்சேரி ஜிப்மரில் பயின்ற டாக்டர் மணி மேனன், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இம்முறையைப் பெரிதும் வளர்த்தவர்.

துளை சிறிதாதலின் நோவு இராது என எண்ணினோம். அது பிழை. நோவு மூவகைப்படும். துளைப் புண்ணின் நோவு ஒன்று. வயிற்றை உப்பச் செய்யும் கரியமில வாயுவினால் தோள்பட்டையில் தோன்றுவது மற்றொன்று. சிறுநீர்க் குழாய் உறுத்துவதால் சிறுநீர்ப்பை இழுத்துப் பிடிப்பது மூன்றாவது.

தீர்க்கும் வழிகளோ பல. அடிப்படை மருந்து பாரசிட்டமால். அதை மணி தவறாமல் கொடுத்தல் சிறப்பு. டைக்ளோபெனாக் வகையும் சேர்ந்தால் பயன் மிகும். ஆயின் சிறுநீரகம் நலிந்தோர்க்கும் குடற்புண் உடையோர்க்கும் அது தீங்காகும். துளைகளைச் சுற்றியோ வயிற்றுத் தசைகளின் இடையிலோ மரப்பூசி போடலாம். தூக்கக் கலக்கம் தராது, ஆனால் சில மணி நேரமே நிற்கும். முதுகுத்தண்டில் சிறிதளவு மார்ஃபின் செலுத்தினால் ஏறக்குறைய ஒரு நாள் நோவு தணியும். அரிப்பும் குமட்டலும் உண்டாகலாம், மூச்சையும் கண்காணிக்க வேண்டும். நரம்பூசியாக ஏற்றும் மார்ஃபின் வலிமை மிக்கது. மலச்சிக்கலும் கலக்கமும் தந்து, எழுந்து நடப்பதைத் தாமதப்படுத்தும். ஆகவே பிறவற்றை முதலில் சேர்த்துக் கொடுத்து, மார்ஃபினைக் கடைசித் துணையாக வைப்பதே இக்கால வழக்கம். சிறுநீர்ப்பை இழுப்புக்கு ஆக்சிபியூட்டினின் போன்ற தனி மருந்துண்டு.

நிற்க. மாமனாருக்குத் தெலுங்கு தெரியாது. தாதி “நொப்பி உந்தா?” என்று வினவியபோதெல்லாம் தலையசைத்து ஒன்றுமில்லை என்றார். இரவில், பையில் ஒளித்திருந்த மூட்டுவலி மாத்திரைகளை இரண்டிரண்டாய் விழுங்கினார். மருத்துவமனையில் கொடுத்து வந்ததும் அதே வகை மருந்து. மூன்றாம் நாள் சிறுநீர் குறைந்தது. இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியது. நான்கு நாள் கூடுதலாகத் தங்கிய பின்னரே வீடு திரும்பினோம். அவரை வாட்டியது சிறுநீர்ப்பை இழுப்பே என்று பின்னரே அறிந்தோம். ஒரு சொல் சொல்லியிருந்தால் உரிய மருந்து கிடைத்திருக்கும். அருகிலிருந்த நாமும் பையைப் பார்க்கவில்லை; கேட்கவுமில்லை.

எனவே வேற்றுமொழி நாட்டில் வாழும் குடும்பத்தினர்க்கு நம் வேண்டுகோள் இது. மயக்க மருத்துவரிடம் பழைய நோய்களையும், உட்கொள்ளும் மாத்திரைகளையும் முன்னரே சொல்லுங்கள். பெரியவர்க்கு “நொப்பி” என்ற ஒரு சொல்லையாவது கற்றுக்கொடுங்கள்; பத்துக்கு எத்தனை என விரலால் காட்டச் சொல்லுங்கள். நோவு தணிந்தால்தான் இருமவும், மூச்சிழுக்கவும், நடக்கவும் இயலும். பொறுமை பெருமைதான், மருத்துவரிடம் மறைப்பது பொறுமையன்று.