மாதாமாதம் பணம் தருவது யார்?

வில்லியனூரில் இப்போது தெருவுக்கு இரண்டு பிள்ளைகளாவது சென்னையிலோ பெங்களூரிலோ கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார்கள். ஆட்குறைப்பு என்று டிவியில் செய்தி வந்தால் போதும், பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "நம்ம பையன் கம்பெனி பெரிசுதானே?"

வங்கியில் பல வருஷம் கடன் மனு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கேள்வியே தப்பு. அந்தக் கம்பெனிக்கு மாதாமாதம் பணம் தருவது யார் என்று கேளுங்கள்.

ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவை விடப் பெரிசு வேண்டுமா? 2022 நவம்பரில் 11,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அதன் வருமானம் ஏறக்குறைய முழுவதும் விளம்பரம். வியாபாரம் படுத்தால் கடைக்காரர் முதலில் நிறுத்துவது விளம்பரத்தைத்தானே! பைஜூஸ் கதை வேறு. முதலீட்டாளர் பணத்தில் ஓடிய வண்டி அது. 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்பு என்றார்கள். 2024 ஜூலையில் திவால் வழக்கில் நின்றது. மதிப்பு என்பது கல்லாவில் இருக்கும் காசு இல்லை.

ஜோஹோவைப் பாருங்கள். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஆரம்பித்து, தொலைத்தொடர்புக் கருவி செய்யும் கம்பெனிகளுக்கு மென்பொருள் விற்றது. 2001 வாக்கில் டாட்காம் சரிவு வந்தபோது அந்தக் கம்பெனிகளே கவிழ்ந்தன. வாடிக்கையாளர் பலர் போய்விட்டார்கள். ஆனால் வெளியாள் முதலீடு வாங்காததால் கழுத்தைப் பிடிக்க யாரும் இல்லை. நல்ல காலத்தில் சேர்த்ததை வைத்துக்கொண்டு வேறு சரக்கு செய்தார்கள். முதலில் மேனேஜ்என்ஜின், 2005-ல் ஜோஹோ. பாகூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பங்காரு வாய்க்காலில் தண்ணீர் வரும்போதே ஏரியை நிரப்பிக்கொண்டால்தான் பின்னால் வயலுக்கு ஆகும்.

சந்தா முறையும் முழுப் பாதுகாப்பு இல்லை. தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பதால், வாங்கும் கம்பெனி ஆளைக் குறைத்தால் சந்தாவும் குறையும். இருந்தாலும் விளம்பரத்தைப் போல ஒரே நாளில் நிற்காது; கணக்கு எழுதும் மென்பொருளை யாரும் சட்டென்று விடமாட்டார்கள்.

பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி என்றால் ஆண்டறிக்கை இலவசமாகவே கிடைக்கிறது. வருமானம் எங்கிருந்து, கையிருப்பு எவ்வளவு என்று பிள்ளையையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதமே, அப்பாவின் பென்ஷனையும் சேர்த்துக் காட்டி இருபது வருஷ வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன்பாவது.