கார் வாசலில்... கடன் நடுரோட்டில்! பழைய கார் வாங்குவோரை விரட்டும் 'திடீர்' வட்டி

அம்பத்தூர்:

அட்வான்ஸ் கட்டியாச்சு. கோவில் வாசலில் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கார் வீட்டுக்கும் வந்தாச்சு. நாலாவது நாள் போன் வருகிறது.

"சார், அந்த பைனான்ஸ்ல ஆகலை. வேற கம்பெனியில போட்டிருக்கோம். வட்டி கொஞ்சம் கூட வரும். வந்து கையெழுத்து மட்டும் போட்டுட்டு போயிடுங்க."

பழைய கார் வாங்கும் நடுத்தர, கூலி வேலை குடும்பங்களின் தூக்கத்தைக் கெடுப்பது இந்த ஒரு போன்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் பார்க்கும் தொழிலாளிக்கும், சொந்த வண்டி ஓட்டலாம் என்று இறங்கும் கால் டாக்சி டிரைவருக்கும் புது கார் எட்டாக்கனி. எனவே பாடி, கொரட்டூர், திருமுல்லைவாயல், ஆவடி என்று எந்தப் பக்கம் போனாலும் பழைய கார்தான் முதல் கார்.

ஏன் மாறுகிறது?

பழைய கார் வியாபாரத்தில் லோனுக்கு அப்ளிகேஷன் வாங்குவதும் பெரும்பாலும் கார் விற்கும் கடைதான். பேப்பரை நாலு பைனான்ஸ் கம்பெனிக்கு அனுப்புவார்கள். எந்த கம்பெனியில் லோன் போட்டாலும் கடைக்கு கமிஷன் உண்டு. நல்ல நாள் தவறிவிடக் கூடாது, பார்ட்டி வேறு கடைக்கு போய்விடக் கூடாது என்பதற்காக, லோன் சாங்ஷன் ஆகும் முன்பே சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். வாங்குபவரும் சந்தோஷத்தில் கேட்பதில்லை.

அதன் பிறகுதான் பைனான்ஸ் கம்பெனி சிபில் ஸ்கோரைப் பார்க்கிறது. வீட்டுக்கு ஆள் அனுப்புகிறது. வாடகை வீடு, ஆதாரில் ஊர் விலாசம், சம்பளம் கையில் ரொக்கமாக என்றால் அங்கேயே இடிக்கும். காருக்கு வயது அதிகம் என்றால் மதிப்பைக் குறைத்துவிடுவார்கள். 3 லட்சம் என்று பேசிய லோன் இரண்டரை லட்சமாகும். அல்லது வட்டி ஏறும்.

இதில் பெரிய சூட்சுமம் 'பிளாட்' வட்டி. "9 பர்சன்ட்தான் சார்" என்றால் காதுக்கு இனிமையாக இருக்கும். 3 லட்சத்துக்கு 3 வருஷம், பிளாட் 9 என்றால் வட்டி மட்டும் 81 ஆயிரம். மாத டியூ 10,583 ரூபாய். கட்டக் கட்ட அசல் குறைகிறதே, அதைக் கழித்து கணக்கு போட்டால் உண்மையான வட்டி 16 சதவீதத்தைத் தாண்டுகிறது! பேங்கில் சொல்லும் 12 சதவீதத்தோடு இந்த 9-ஐ ஒப்பிட்டு ஏமாறுகிறவர்கள் ஏராளம். அதே 3 லட்சத்துக்கு, குறையும் அசலில் 12 சதவீதம் என்றால் மாத டியூ 9,964 ரூபாய்தான்.

அதுவே 12 என்று பேசி 16-க்கு ஏறினால்? மாதம் 583 ரூபாய் கூடும். பெரிய தொகையாகத் தெரியாது. 36 மாதத்தில் சுமார் 21 ஆயிரம். ஒரு மாதச் சம்பளம் காலி.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய ஒரே பேப்பர்

ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் ஒரு உத்தரவு போட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி முதல் புதிதாக லோன் கொடுக்கும் எந்த வங்கியும், பைனான்ஸ் கம்பெனியும் 'முக்கிய விவர அறிக்கை' தர வேண்டும். கம்பெனிக்காரர்கள் கே.எப்.எஸ். என்பார்கள். பிராசசிங் பீஸ், லோனோடு சேர்த்துவிடும் இன்சூரன்ஸ், டாக்குமென்ட் சார்ஜ் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் விழுகிறது என்பது அதில் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். அதுவும் கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில். தமிழில் கேட்க கூச்சப்பட வேண்டியதே இல்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. அந்த பேப்பரைக் கொடுத்த பிறகு, யோசித்து முடிவு சொல்ல குறைந்தது 3 வேலை நாள் அவகாசம் உண்டு (ஒரு வாரத்துக்குள் முடியும் குட்டிக் கடனுக்கு மட்டும் ஒரு நாள்). அதற்குள் சம்மதம் சொன்னால், அதில் போட்ட வட்டியை கம்பெனி மாற்ற முடியாது. அதில் இல்லாத சார்ஜை, கடன்காரர் வெளிப்படையாக சம்மதிக்காமல் வசூலிக்கவும் முடியாது. ஆக, "இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து போடலேன்னா கேன்சல்" என்று மிரட்டினால் அது கடைக்காரரின் அவசரம்.

கடை மாறினாலும், கம்பெனி மாறினாலும், புது லோன் என்றால் புது அறிக்கை. பழைய கம்பெனிக்குக் கொடுத்த கையெழுத்து போட்ட வெற்று செக், பேங்க் கணக்கில் தானாக டியூ பிடிக்கும் அனுமதி ஆகியவற்றை திரும்ப வாங்கி ரத்து செய்தே ஆக வேண்டும். இதை மறந்தால் இரண்டு பக்கமும் பணம் போகும்.

உண்மையான ஆபத்து இங்கேதான்

வட்டி ஏறுவதை விட பெரிய தலைவலி ஒன்று உண்டு. விற்றவரின் பழைய கடன்.

அந்த கார் மீது ஏற்கனவே கடன் இருந்தால் ஆர்.சி. புக்கில் அந்த பைனான்ஸ் பெயர் ஏறியிருக்கும். புது லோன் பணம் வந்துதான் அந்தக் கடனை அடைப்பதாக ஏற்பாடு. புது லோன் இழுத்தடித்தால் பழைய கடன் அப்படியே நிற்கும். விற்றவர், "காரே எங்கிட்ட இல்லையே" என்று டியூ கட்டாமல் விடுவார். சீஸ் செய்ய வரும் ஆள், அட்வான்ஸ் கொடுத்தவர் யார் என்று பார்க்கமாட்டார். வண்டி நம்பரைத்தான் பார்ப்பார். அட்வான்சும் போய், காரும் போய், கடையில் ஷட்டரும் இறங்கியிருந்தால் எங்கே போவது?

மோட்டார் வாகனச் சட்டம் 51-வது பிரிவு கடன் உள்ள வண்டிகளைப் பற்றியது. பைனான்சின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பெயர் மாறாது. கடன் தீர்ந்தால் 35-ம் எண் படிவத்தில் பைனான்ஸ் கையெழுத்தும், என்.ஓ.சி.யும் வேண்டும். பெயர் மாற்ற 29, 30-ம் எண் படிவங்கள். புது பைனான்ஸ் பெயரை ஏற்ற 34. அம்பத்தூர் ஆர்.டி.ஓ. என்றால் டி.என்.13, பூந்தமல்லி என்றால் டி.என்.12. கார் எந்த நம்பராக இருந்தாலும், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் கடன் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை.

விற்றவருக்கும் நிம்மதி இல்லை. 2007-ல் விற்று கைமாறி கைமாறிப் போன ஒரு கார் 2009-ல் விபத்தில் சிக்கிய வழக்கில், பெயர் மாற்றாததால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. விற்றவர் 14 நாளில் தகவல் கொடுக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில் மாற்ற வேண்டும் என்பது சட்டம். பைனான்ஸ் மாறும் இழுபறியில் இந்த நாட்கள் ஓடிவிடுகின்றன. இன்சூரன்சையும் 14 நாளில் மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் எதிராளிக்கு நஷ்டஈடு கிடைக்கும், நொறுங்கிய சொந்த காருக்கு கிளெய்ம் கிடைப்பது சிரமம்.

பழைய கார் டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்கும் விதி 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ளது. அப்படிப்பட்ட டீலரிடம் வண்டியை ஒப்படைத்து தகவல் கொடுத்துவிட்டால், விற்கும் வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். 'சான்று இருக்கா?' என்று கேட்டுப் பார்க்கலாம். முகம் மாறுகிறதா என்பதே ஒரு பதில்தான்.

மாட்டிக்கொண்டால் என்ன வழி?

முதலில், போனில் பேசுவதை நிறுத்திவிட்டு எழுத்தில் கேட்க வேண்டும். சாங்ஷன் லெட்டர் எங்கே, முதல் கம்பெனி ஏன் மறுத்தது, புது வட்டி என்ன? வாட்ஸ்அப்பில் கேட்டாலும் பதிவு நிற்கும். கார் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கதை. லோன் மட்டும்தான் பிரச்சினை என்றால், சம்பளம் வரும் வங்கியிலோ, கூட்டுறவு சங்கத்திலோ நேரடியாகக் கேட்கலாம். கடை சொல்லும் கம்பெனியில்தான் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

எதுவும் ஒத்துவரவில்லை என்றால் காரைத் திருப்பிக் கொடுத்து அட்வான்சைக் கேட்பதே புத்திசாலித்தனம். டெலிவரி நோட்டில் "லோன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்பத் தரப்படும்" என்று ஒரு வரி முன்பே எழுதி வாங்கியிருந்தால் வேலை சுலபம். ரொக்கமாகக் கொடுத்து ரசீதும் இல்லை என்றால் திண்டாட்டம்தான்.

'இப்போ கையெழுத்து போடுங்க, ஆறு மாசத்துல குறைஞ்ச வட்டிக்கு மாத்திக்கலாம்' என்பது கடைகளில் கேட்கும் இன்னொரு பாட்டு. பாதியில் கடனை அடைக்க அபராதம் எவ்வளவு என்று பார்க்காமல் இதை நம்பக்கூடாது. 2026 ஜனவரி 1 முதல் தனிநபருக்குக் கொடுக்கும், தொழில் சாராத, மாறும் வட்டிக் கடனுக்கு முன்கூட்டி அடைக்கும் கட்டணம் கிடையாது. ஆனால் பழைய கார் லோன் பெரும்பாலும் மாறாத வட்டி. அந்தச் சலுகை அங்கே செல்லாது.

குண்டர்களை வைத்து வண்டியைப் பறிக்கக் கூடாது என்று 2007-லேயே சுப்ரீம் கோர்ட்டு கண்டித்துள்ளது. காலை 8 மணிக்கு முன்பும், இரவு 7 மணிக்குப் பின்பும் வசூல் போன் செய்யக் கூடாது என்பது 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி.

வங்கி, பைனான்ஸ் மீது புகார் என்றால் முதலில் அந்த கம்பெனிக்கே எழுத்தில் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பைசா செலவு இல்லை. தகவல் கேட்க 14448.

கார் கடை மீது என்றால் நுகர்வோர் உதவி எண் 1915, அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். காரின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுவுக்கு கட்டணம் கிடையாது. பிழைப்புக்காக தானே ஓட்ட டாக்சி வாங்கிய டிரைவரும் நுகர்வோர்தான்.