பதவி போன பிறகும் கூட நின்றவர்



நமது வன்னியில் ஒருவரைத் துரோகி என்று ஏச 'காக்கை வன்னியன்' என்ற பெயர் போதும். பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுத்தவன் என்று வழிவழியாகக் கேட்டு வளர்ந்தோம். விசுவாசமாக நின்றவர் யார் என்று கேட்டால் சட்டென ஒரு பெயர் நம் வாயில் வராது.

பண்டாரவன்னியன் கற்சிலைமடுவில் தோற்றது 1803இல். அடுத்த வருடம் பிரான்சின் பேரரசரானவர் நெப்போலியன். அவருடைய தளபதிகளில் ஒருவர் பெர்ட்ராண்ட். 1815இல் எல்பா தீவிலிருந்து திரும்பிய நெப்போலியன், தன்னைக் கைவிட்டவர்களைத் தண்டிக்க ஆணை எழுதினார். அதில் ஒப்பமிட பெர்ட்ராண்ட் மறுத்துவிட்டார். அதே வருடம் நெப்போலியன் தோற்று சென் ஹெலேனாவுக்கு நாடுகடத்தப்பட்டபோது, மனைவி பிள்ளைகளோடு கூடப் போனவரும் அவரே. பிரான்சில் அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். ஆனாலும் 1821இல் நெப்போலியன் மௌத்தாகும் வரை விலகவில்லை. 1840இல் உடலைக் கொண்டுவரவும் கப்பலேறினார்.

நாம் எதை விசுவாசம் என்கிறோம்? பள்ளிவாசல் நிர்வாகமோ, சங்கமோ, கட்சியோ, தலைவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறோம். அவர் பதவி இழந்தால் அந்த வீட்டுப் பக்கமே போவதில்லை. பெர்ட்ராண்ட் செய்தது இதற்கு நேர்மாறு. அதிகாரம் இருந்தபோது பிழையைப் பிழை என்றார், அது போனபின் பக்கத்தில் நின்றார்.

காக்கை வன்னியன் கதையோடு இதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.