உயிரிலிக்கு உண்டு, உயிர்க்கு இல்லையா?

தமிழிலக்கணம் உலகப் பொருள்களை உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பகுத்தது. அஃறிணையுள்ளும் உயிருள்ளதையும் உயிரற்றதையும் அது ஒன்றாக எண்ணவில்லை. ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாக உயிர்களைத் தொல்காப்பிய மரபியல் நிரல்படுத்திக் காட்டும். இற்றைச் சட்டமோ அந் நிரலைத் தலைகீழாக்கி வைத்துள்ளது. கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டு வளாகத்தில் ஆலை நடத்தும் நிறுமம் ஒவ்வொன்றும் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள். அது நிலம் வாங்கும், வழக்குத் தொடுக்கும், தன் பெயராலேயே இழப்பீடு கேட்கும். அவ் வளாகத்திற்குக் கிழக்கே, பழவேற்காட்டு ஏரியில் இரை தேடி நிற்கும் பூநாரை ஆளன்று. பதிவுத்தாளில் பிறந்தது ஆள். குருதியும் பசியும் உடையது வெறும் பொருள்!

நிறுமத்திற்கு மட்டுமோ இச் சிறப்பு? பத்தூர்க் கோயிலுக்குரிய ஆடவல்லான் செப்புத்திருமேனி கடத்தப்பட்டு இலண்டனில் சிக்கியபொழுது, பாழடைந்த அக் கோயிலே வழக்காடலாம் என ஆங்கில மேன்முறையீட்டு மன்றம் 1991-இல் ஏற்றது. திருமேனியும் தமிழகம் மீண்டது. கோயிலுக்கு வாயில்லை என்பது அங்குத் தடையாகவில்லை. அதன் சார்பில் பேச ஒருவர் இருந்தார்; அதுவே போதுமானதாயிற்று.

உயிர்களுக்கும் இவ் வாயிலைத் திறக்க முயற்சிகள் நடந்ததுண்டு. 2014 மே 7-இல் ஏறுதழுவலைத் தடைசெய்த உச்சநயன்மன்றம், விலங்குகளுக்கும் மதிப்போடு வாழும் உரிமை உண்டு என்றது. 2018-இல் உத்தரகண்ட உயர்நயன்மன்றமும், 2019-இல் பஞ்சாபு–அரியானா உயர்நயன்மன்றமும் விலங்கினம் முழுமையையுமே சட்ட ஆளாக அறிவித்தன. ஆயின், தமிழ்நாட்டின் ஏறுதழுவற் சட்டம் செல்லும் என 2023 மே 18-இல் தீர்ப்பளித்த உச்சநயன்மன்றத்தின் ஐவர் ஆயம், அரசியல் சட்டத்தின் அடிப்படை உரிமைகளை விலங்குகளுக்கு வழங்க முன்வரவில்லை.

அத் தீர்ப்பால் மகிழ்ந்த தமிழர் அதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உழவன் மகன்போல் வளர்த்த காளையை அவன் வாழ்விலிருந்து பிரிக்க வந்த தடையை எதிர்த்து, 2017 தைத்திங்களில் சென்னைக் கடற்கரையில் இளைஞர் திரண்டது முறையே. அதற்காக, உயிர்க்கு உரிமையே இல்லை என்னும் கொள்கையையும் தமிழர் தோளில் சுமக்க வேண்டுமோ? காளைக்குப் பரிந்து பேச உழவன் இருந்தான். பூநாரைக்கு யார் உளர்?

பறவைக்காப்பிடம் உளதே எனலாம். பழவேற்காட்டில் தமிழ்நாட்டு எல்லைக்குள் 153.67 சதுரக் கிலோமீட்டர் பரப்பு 1980-இலேயே காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. ஆனால், காப்பிடத்தைக் காக்கும் கையும் ஆலைக்கு மனை அளந்து கொடுக்கும் கையும் ஒரே அரசின் கைகள் அல்லவோ? 2023 திசம்பர்ப் புயல் வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பாய்ந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. மீனவர்க்கும் படகுகளுக்கும் அரசு உதவித்தொகை அறிவித்தது, அது வேண்டியதே. எண்ணெய் படிந்த சிறகோடு பறக்கமாட்டாமல் தவித்த கூழைக்கடாவின் பெயரால் இழப்பீடு கேட்கச் சட்டத்தில் ஓர் இடமில்லை.

எல்லா விலங்கும் ஆள் என ஒரே வரியில் எழுதிவிடுவதால் பயனில்லை. பேசுவார் யார் என வரையறுக்காத உரிமை ஏட்டுச் சுரைக்காயே. நியூசிலாந்து 2017-இல் வாங்கனுய் ஆற்றைச் சட்ட ஆளாக்கியபொழுது, அதன் சார்பில் பேச இருவரை அமர்த்த வழிசெய்தது: ஒருவர் அரசு சார்பினர்; மற்றவர் அவ்வாற்றங்கரை மாவோரிப் பழங்குடியினர் சார்பினர். பழவேற்காட்டிலும் அதற்குத் தக்கார் உளர். எந்நாளில் யார் எங்கு வலையிடுவது என்பதைப் 'பாடு' முறையால் தமக்குள் பகிர்ந்துகொண்டு வாழும் மீனவ ஊர்கள் அங்குண்டு. அம் மீனவருள் ஒருவரும், பறவையியல் அறிந்தார் ஒருவரும் ஏரிக்கும் அதன் உயிர்களுக்கும் சட்டக் காப்பாளராதல் வேண்டும். ஆலை நீர் ஏரியைக் கெடுக்கும் நாளில், எவர் இசைவுக்கும் காத்திராமல் வழக்குத் தொடுக்கும் உரிமை அவர்க்கு வேண்டும். இதற்குத் தில்லியின் வாய்பார்த்து நிற்றல் வேண்டா. தமிழகச் சட்டமன்றம் முதலடி எடுத்து வைக்கட்டும்.

கன்றிழந்த கறவை ஆராய்ச்சிமணியை அசைத்தது என்றும், வழக்கின் மறுபக்கம் நின்றவன் தன் மகனே என்று அறிந்தும் சோழன் முறை செய்தான் என்றும் தமிழர் தலைமுறை தலைமுறையாகத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகின்றனர். அக் கதையில் முறையிட்டது ஆவே. அதனை அரசன் பொருளென்று தள்ளவில்லை. பழவேற்காட்டுக் கரையிலும் ஒரு மணி கட்டப்படல் வேண்டும். அதன் கயிறு பறவைக்கு எட்டாதெனின், எட்டும் கையை அதற்கு அமர்த்துவது அரசின் கடமை. அமர்த்தும்வரை கேட்பது தமிழரின் கடமை.